மாதம் ஆறு பாட்டில் தேன்: பெரம்பூர்க்காரர் ஒருவரின் ஐந்து மாதம்

வடசென்னையில் ஒரு சின்ன சுகர் கிளினிக்கில் டயட்டீஷியனாக வேலை பார்க்கிறேன். அங்கே வந்த ஒருவருக்கு நடந்ததை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன், பரிசோதனை எண்களில் கை வைக்கவில்லை. இவருக்கு இன்சுலின் ஊசி போடுவதா வேண்டாமா என்கிற கட்டம் வரை போய்விட்டோம், காரணமோ சமையலறை அலமாரியில் உட்கார்ந்திருந்தது. அதனால்தான் முழுசாக எழுதி வைக்கத் தோன்றியது.

அவருக்கு 62 வயது. ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீடு பெரம்பூர். பதினோரு வருடமாக சுகர். காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500, காலையில் கிளிமிபிரைடு 1 மி.கி. தினமும் முரசொலி மாறன் பூங்காவில் நாற்பது நிமிடம் நடப்பார். மாத்திரை மறக்கிற ஆள் கிடையாது. 2023 நவம்பரில் எடுத்த எச்பிஏ1சி, அதாவது கடைசி மூன்று மாதத்து சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை, 7.2. ரத்தத்தில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 174, எடை 71 கிலோ. இந்த வயதில் பதினோரு வருட சுகருக்கு இது நல்ல கட்டுப்பாடு.

2024 மார்ச்சில் அதே எச்பிஏ1சி 8.1. டாக்டர் கிளிமிபிரைடை 2 மி.கி. ஆக்கினார். மே மாதம் 8.9. டிரைகிளிசரைடு 298, எடை கிட்டத்தட்ட 74. மாத்திரையைக் கூட்டிய பிறகும் சர்க்கரை ஏறுகிறது என்றால் டாக்டர்கள் வழக்கமாகத் தேடுகிற இடங்கள் சில உண்டு. உடம்பில் எங்காவது கிருமித் தொற்று இருக்கிறதா, மூட்டு வலிக்கோ மூச்சுத்திணறலுக்கோ வேறு எங்காவது ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்களா, தைராய்டு சரியா, மாத்திரை அட்டையில் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா. எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் சிக்கவில்லை. "கணையம் களைச்சிருக்கும், ராத்திரி இன்சுலின் ஆரம்பிக்கலாம், அதுக்கு முன்னாடி ஒரு தடவை சாப்பாட்டைப் பாருங்க" என்று என்னிடம் அனுப்பினார்.

முதல் சந்திப்பில் நான் கோட்டை விட்டேன். வழக்கமான கேள்விகளைத்தான் கேட்டேன். இனிப்பு சாப்பிடுவீர்களா, காபிக்குச் சர்க்கரை உண்டா, வெல்லம், கருப்பட்டி? அவர் உடனே, கொஞ்சம் பெருமையோடுகூட, "சர்க்கரையைத் தொடுறதே இல்லை மேடம். டிசம்பர்ல இருந்து காபிக்குக்கூட போடுறதில்லை" என்றார். பொய் இல்லை, அது உண்மை. நானும் குறிப்பில் "சர்க்கரை: இல்லை" என்று எழுதிவிட்டு இட்லியை நாலிலிருந்து மூன்றாக்கி, மதியச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, இரவுக்குக் கோதுமை தோசை சொல்லி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து வந்தபோது வெறும் வயிற்று அளவு அப்படியே 150க்கு மேல்தான். மனுஷன் பசியோடு இருந்ததுதான் மிச்சம்.

இரண்டாவது தடவை மனைவியும் வந்தார். மளிகைக்கடைக்கு மாதா மாதம் அனுப்பும் லிஸ்ட் அவருடைய போனில் இருந்தது, காட்டச் சொன்னேன். துவரம்பருப்பு 2 கிலோ, உளுந்து, நல்லெண்ணெய், ரவை என்று போய்க்கொண்டே வந்து நடுவில் ஒரு வரி: தேன் அரை கிலோ பாட்டில் - 6.

"அம்மா, இது யாருக்கு?"

"எல்லாம் இவருக்குத்தான். எனக்குத் தேன் வாசனையே ஆகாது."

அவர் குறுக்கிட்டார். "மேடம், அது சுத்தமான தேன். சர்க்கரைக்குப் பதிலா அதைத்தான் எடுத்துக்கறேன்."

இருமலில் தொடங்கியது

2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல். அவர்கள் தெருவில் தண்ணீர் வடிய நாலைந்து நாள் ஆனது, சுவரெல்லாம் ஓதம் ஏறி, வீட்டில் எல்லோருக்கும் சளியும் இருமலும். இவருக்கு வறட்டு இருமல் ராத்திரியில் தூங்கவிடவில்லை. மனைவி திரிகடுகுச் சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடுத்தார், ஒரு வாரத்தில் இருமல் அடங்கியது.

இதில் எந்தத் தப்பும் இல்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் துறையில் சிலர் தேன் என்றதும் முகத்தைச் சுளிப்பார்கள். சாதாரணச் சளி இருமலுக்குத் தேன் இதம் தரும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது. தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் எழுதுவதைக் குறைக்க பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலே 2019இல் திடீரென வந்து சில வாரத்தில் போகிற இருமலுக்கு முதலில் தேனைச் சொன்னது, ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. தேன் அமிலத்தன்மை உள்ளது, அதில் தண்ணீர் வெறும் 17, 18 சதவீதம்தான், கூடவே தேனீயின் நொதி ஒன்று கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாக்கும். கிருமி அதில் பிழைப்பது கஷ்டம். காயத்துக்குப் போடும் தேன்கூட மருத்துவத்தில் உண்டு, ஆனால் அது கதிர்வீச்சால் கிருமி நீக்கிய தனித் தயாரிப்பு, அதை நினைத்துக்கொண்டு சுகர்காரர்கள் கால் புண்ணில் சமையலறைத் தேனைத் தடவிவிட வேண்டாம். சித்த மருத்துவத்திலும் தேன் அனுபானம், மருந்தைக் குழைத்து உள்ளே அனுப்பும் வாகனம். சூரணம் குழைய எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் அளவு.

இருமல் போனது, தேன் மட்டும் தங்கிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து மருமகன் ஒரு செய்தியை வாட்ஸாப்பில் அனுப்பினார்: தேன் சர்க்கரையையும் கொழுப்பையும் குறைக்கிறது, கனடா ஆய்வு. பூங்காவில் நடக்கும் நண்பர் ஒருவர் கொல்லிமலையிலிருந்து தருவித்த தேன் இரண்டு பாட்டில் கொடுத்தார். அன்றிலிருந்து காலை வெந்நீரில் எலுமிச்சையோடு இரண்டு ஸ்பூன், இரண்டு வேளைக் காபிக்கும் ஒவ்வொன்று, படுக்கும் முன் சூரணத்தோடு ஒன்று. மொத்தம் ஐந்து ஸ்பூன். கொல்லிமலைத் தேன் தீர்ந்ததும் மளிகைக்கடைப் பாட்டில்.

அந்த ஸ்பூன்

ஐந்து ஸ்பூன் என்றதும் டீஸ்பூன் என்றுதான் நான் நினைத்தேன். டீஸ்பூன் தேன் 7 கிராம், ஐந்துக்கு 35 கிராம். மாதம் ஒரு கிலோவைக் கொஞ்சம் தாண்டும், மூன்று கிலோ எப்படிச் செலவாகும்? கணக்கு உதைத்தது. அடுத்த முறை வரும்போது அந்த ஸ்பூனை எடுத்து வாருங்கள் என்றேன்.

கொண்டு வந்தார். கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் ஸ்பூன், காம்பில் மனைவி பெயரின் முதலெழுத்தும் 1986 என்றும் வெட்டியிருந்தது. வாய் அகலம், குழி ஆழம், இப்போது கடையில் கிடைக்கிற சாப்பாட்டு ஸ்பூனைவிடப் பெரிது. கிளினிக்கில் இருக்கும் சின்னத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, வீட்டில் எப்படி ஊற்றுவீர்களோ அப்படியே ஊற்றுங்கள் என்று பாட்டிலையும் கையில் கொடுத்தேன். தேன் தண்ணீர் மாதிரி விளிம்போடு நின்றுவிடாது, மேலே உப்பி நிற்கும், அடியில் ஒரு விழுது ஒட்டிக்கொண்டு தொங்கும். அவர் அதை அப்படியே கிண்ணத்தில் விட்டு, ஸ்பூனில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்துச் சேர்த்தார். தராசு 19 காட்டியது. மறுபடி ஊற்றச் சொன்னேன், மறுபடியும் 19.

ஐந்து ஸ்பூனுக்கு 95 கிராம், மாதத்துக்கு 2.85 கிலோ. ஆறு பாட்டில் கணக்கு நேராகிவிட்டது.

தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரைதான், பெரும்பாலும் ஃபிரக்டோஸும் குளுக்கோஸும். 95 கிராம் தேனில் 76 கிராம் சர்க்கரை, 290 கலோரி. டிசம்பருக்கு முன்னால் இவர் காபிக்குப் போட்டது அரை அரை டீஸ்பூன் சர்க்கரை, நாள் முழுக்கச் சேர்த்து நாலு ஐந்து கிராம் இருக்கும். அதாவது ஐந்து கிராம் சர்க்கரையை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் 76 கிராம் சர்க்கரையைக் கொண்டுவந்திருக்கிறார், சர்க்கரையை விட்டுவிட்டேன் என்கிற முழு நம்பிக்கையோடு. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தேனும் பழச்சாறும் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்கின்றன, அவை எல்லாம் சேர்ந்தே நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். 1800 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 45 கிராம்.

சொன்னால் மட்டும் அவர் நம்பியிருக்க மாட்டார், அதனால் வீட்டில் குளுக்கோமீட்டரில் இரண்டு காலை பார்க்கச் சொன்னேன். முதல் நாள் வழக்கம்போல இரண்டு ஸ்பூன் தேன், எலுமிச்சை, வெந்நீர்: வெறும் வயிற்றில் 156, ஒரு மணி நேரம் கழித்து 228. மறுநாள் தேன் இல்லாமல் எலுமிச்சை வெந்நீர் மட்டும்: 151, ஒரு மணி நேரத்தில் 158. அந்த நாலு எண்ணையும் நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிக் கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மருமகன் அனுப்பியது பொய்யா?

இல்லை. அந்த ஆய்வு நிஜம். டொராண்டோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 18 சோதனைகளைத் தொகுத்து, மொத்தம் 1,100 பேரைச் சற்றுத் தாண்டும், 2022இல் வெளியிட்டது. தேன் எடுத்தவர்களுக்கு வெறும் வயிற்று சர்க்கரையும் கெட்ட கொழுப்பும் கொஞ்சம் குறைந்திருந்தன. ஆனால் அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள், மற்ற இனிப்பைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள். அளவு நாளைக்குச் சுமார் 40 கிராம், காலம் சுமார் எட்டு வாரம். பலன் தெளிவாகத் தெரிந்ததுகூடப் பதப்படுத்தாத தேனிலும், ஒரே வகைப் பூவின் தேனிலும்தான். இனிப்பைத் தவிர்க்கிறவர்கள் புதிதாகத் தேனை ஆரம்பிக்கத் தேவையில்லை, சர்க்கரைக்குப் பதிலாக வைப்பதைப் பற்றித்தான் சொல்கிறோம் என்று அந்த ஆராய்ச்சியாளர்களே சொன்னார்கள். வாட்ஸாப்பில் வந்து சேர்ந்தது தலைப்பு மட்டும்.

சுகர்காரர்களை வைத்தே ஈரானில் நடத்தி 2009இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. எட்டு வாரம் தேன் கொடுத்தார்கள். எடை குறைந்தது, கொழுப்பு அளவுகள் மேம்பட்டன, ஆனால் எச்பிஏ1சி ஏறியது. சுகர் உள்ளவருக்கு முதலில் பார்க்க வேண்டிய எண் அதுதானே. 2015இல் வந்த அமெரிக்க ஆய்வில் தேன், சாதாரண சர்க்கரை, மக்காச்சோளச் சிரப் மூன்றையும் நாளைக்கு 50 கிராம் மாவுச்சத்து வருகிற அளவில் இரண்டிரண்டு வாரம் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, மூன்றிலும் டிரைகிளிசரைடு ஏறியது. நம்மவருக்கு 174 இருந்தது 298 ஆனதற்கும் இதுதான் வழி: கல்லீரலுக்குப் போகும் ஃபிரக்டோஸ் தேவைக்கு மிஞ்சினால் அங்கேயே கொழுப்பாக மாறும்.

அப்புறம் அவர் விடாமல் கேட்டது சுத்தத்தைப் பற்றி. "அப்போ கடைத் தேன்ல கலப்படம்னுதானே மேடம் ஏறுது? கொல்லிமலைத் தேனா இருந்தா ஏறாதுல்ல?" கலப்படக் கவலை நியாயமானதுதான். 2020 டிசம்பரில் டில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுத் தேனைச் சோதித்தபோது பெரும்பாலானவை சர்க்கரைப் பாகு கலப்பைக் கண்டுபிடிக்கும் நுட்பமான சோதனையில் தேறவில்லை. நாம் வீட்டில் செய்கிற சோதனை எதுவும், தண்ணீரில் சொட்டு விடுவதோ, கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பதோ, எறும்பு வருகிறதா என்று காத்திருப்பதோ இந்தப் பாகைக் காட்டிக்கொடுக்காது. உறைந்து போன தேனைச் சர்க்கரை கலந்தது என்று தூக்கிப் போடுகிறார்கள், குளுக்கோஸ் அதிகமுள்ள நல்ல தேனும் உறையும். ஆனால் அவருடைய கேள்விக்கான பதில் வேறு. மலையில் குறும்பர் பழங்குடியினர் கயிறு கட்டி இறங்கி எடுத்த மலைத்தேனாக இருந்தாலும், மார்த்தாண்டத்தில் பெட்டியில் வளர்த்து எடுத்த ரப்பர் தேனாக இருந்தாலும் அதில் முக்கால் பங்குக்கு மேல் சர்க்கரைதான். சுத்தமான தேன் சுத்தமான சர்க்கரையை ஏற்றும். இரும்புச் சத்து இருக்கிறதே என்பார்கள், 100 கிராம் தேனில் அரை மில்லிகிராம்கூட இல்லை.

சூடான காபியில் ஊற்றினால் தேன் விஷமாகுமா என்றும் மனைவி கேட்டார். சூட்டில் எச்எம்எஃப் என்கிற ஒரு பொருள் கூடுவது நிஜம், தேனின் தரத்தை அளக்க அதற்கு உச்சவரம்புகூட வைத்திருக்கிறார்கள். ஒரு டம்ளர் காபிச் சூட்டில் ஆளை விழவைக்கிற விஷம் எதுவும் உருவாகாது. இவருடைய பிரச்சினை சூடு இல்லை, ஸ்பூன்.

நிறுத்திய பிறகு

ஜூன் இரண்டாவது வாரம் தேனை முழுசாக நிறுத்தினார். இன்சுலினை மூன்று மாதம் தள்ளிப்போட டாக்டர் ஒப்புக்கொண்டார். இட்லியை மறுபடி நாலாக்கினேன்.

இந்த இடத்தில் கவனம் வேண்டும். மார்ச்சில் கிளிமிபிரைடை இரண்டு மடங்காக்கியது தேனோடு சேர்ந்து ஏறிய சர்க்கரைக்கு. தேன் போன பிறகும் மாத்திரை அதே அளவில் இருந்தால் சர்க்கரை கீழே இறங்கலாம் என்று டாக்டரிடமும் சொன்னேன், அவர்களிடமும் சொன்னேன், தினமும் இரண்டு வேளை பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஒன்பதாவது நாள் காலை பதினொன்றரை மணிக்கு போன். பேங்குக்குப் போய்விட்டு வெயிலில் நடந்து வந்திருக்கிறார், கை நடுக்கம், சட்டை நனைகிற வியர்வை, பேச்சு மட்டும் தெளிவாக இருக்கிறது. மீட்டரில் 64. வீட்டில் குளுக்கோஸ் பொடி இல்லை. அந்தம்மா பதற்றத்தில், "கண்ணு, தேன்தான் இருக்கு, கொடுக்கலாமா?" என்றார்.

கொடுங்கள் என்றேன். நினைவோடு, விழுங்கும் நிலையில் இருப்பவருக்குச் சர்க்கரை இறங்கினால் உடனடியாகத் தேவை 15 கிராம் சர்க்கரை, தேனிலும் அதைக் கொடுக்கலாம். அந்த 1986 ஸ்பூனில் ஒரு தடவை, 19 கிராம் தேன், அதில் சர்க்கரை சரியாக 15 கிராம். கால் மணி நேரம் கழித்து 97. அன்று மாலையே டாக்டர் கிளிமிபிரைடைப் பழையபடி 1 மி.கி. ஆக்கினார். அதன் பிறகு ஒரு முறைகூட இறங்கவில்லை.

செப்டம்பரில் எச்பிஏ1சி 7.6, டிரைகிளிசரைடு 201, எடை 72. டிசம்பரில் 7.3, 182. இன்சுலின் பேச்சு அதோடு நின்றது. இந்த இறக்கம் முழுவதும் தேனால்தான் என்று ஆணையிட மாட்டேன், இடையில் நடையைப் பத்து நிமிடம் கூட்டியிருக்கிறார். ஆனால் மாத்திரையைக் குறைத்ததைத் தவிர வேறு எதையும் மாற்றவில்லை, ஜூனில் இருந்ததைவிட இட்லிகூட ஒன்று அதிகம்தான்.

நாக்கில் ஒரு சொட்டு

ஜூலையில் அந்தம்மா தனியாக வந்தார். மகள் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள், ஆகஸ்டில் தேதி. "இவருக்கு வேணாம்னுட்டீங்க, சரி. பிறக்கிற குழந்தைக்குத் தேன் தொட்டுச் சேனை வைக்கலாம்ல? ஒரு சொட்டுதானே."

கணவர் விஷயத்தில் அளவு பற்றிப் பேசினேன், இதில் அளவே கிடையாது. ஒரு வயது முடியும் வரை குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூட வேண்டாம், வசம்பு இழைத்துக் குழைப்பதற்கும் வேண்டாம், ரப்பர் நிப்பிளில் தொட்டுக் கொடுக்கவும் வேண்டாம். மண்ணில் இருக்கும் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்கிற பாக்டீரியாவின் வித்துகள் தேனில் இருக்கக்கூடும். பெரியவர்கள் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதை முளைக்கவிடாது. பிஞ்சுக் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை, வித்து அங்கேயே முளைத்து நஞ்சு சுரக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு பால் உறிஞ்ச முடியாமை, அழுகை மெலிவது, இமை சரிவது, கழுத்து நிற்காமல் துவள்வது, கடைசியில் மூச்சுத் தசைகள்வரை தளர்ந்து வென்டிலேட்டர் வரை போகலாம். 1976இல்தான் மருத்துவ உலகம் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டது. தேனைக் கொதிக்க வைத்தாலும் அந்த வித்து சாகாது. சுத்தமான மலைத்தேனிலும் அது இருக்கலாம்.

"எங்க மாமியார் என் மூணு பிள்ளைக்கும் வச்சாங்களே, ஒண்ணும் ஆகலையே?" என்றார். ஆகாததுதான் பெரும்பாலும் நடக்கும் அம்மா, இது அபூர்வமான நோய், ஆனால் வந்துவிட்டால் பச்சைக் குழந்தை ஐசியூவில் வாரக்கணக்கில் கிடக்கும், அதற்கு ஈடாக அந்த ஒரு சொட்டில் குழந்தைக்குக் கிடைப்பது ஒன்றுமே இல்லை, முதல் மணி நேரத்துச் சீம்பால்தான் சேனை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பேத்தி பிறந்த அன்று, தாய்ப்பால் மட்டும்தான் கொடுத்தோம் என்று போன் பண்ணிச் சொன்னார்.

இவர்களுக்குப் பிறகு என் கேள்விப் பட்டியலை மாற்றிவிட்டேன். "சர்க்கரை சாப்பிடுவீர்களா" என்று இப்போது யாரையும் கேட்பதில்லை. மளிகை லிஸ்டைக் காட்டச் சொல்கிறேன். தேன் எத்தனை பாட்டில், தேன் நெல்லிக்காய் உண்டா, பூங்கா வாசலில் அருகம்புல் ஜூஸோ நெல்லிக்காய் ஜூஸோ குடித்தால் அதில் என்ன கலக்கிறார்கள், நாட்டுச்சர்க்கரை எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். சர்க்கரையை விட்டாயிற்று என்று சொல்கிறவர்களிடம்தான் இது அதிகம் கிடைக்கிறது.

டிசம்பரில் அவர் வந்தபோது வீட்டில் தேன் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, 100 கிராம் பாட்டில் ஒன்று, மூடி திறந்த தேதியைப் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். இருமல் வந்தால் சூரணம் குழைக்க, அப்புறம் சர்க்கரை இறங்கினால் கொடுக்க. அந்த ஸ்பூனை பாட்டிலோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு மருந்து டப்பாவில் வைத்திருக்கிறாராம் அந்தம்மா. காபிக்கு இப்போது வேறு ஸ்பூன், அதுவும் கலக்குவதற்கு மட்டும்.